பொனெற்றில் ஒரு ஓட்டை

லவால்
6 ஏப்ரல் 2025

திரு. ஞானேந்திரன் அவர்களுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கிறீர்கள் இல்லை. கடிதம் என்றால் வாசிப்பேன் என்று அருமைராசா அண்ணையிடம் சொன்னீர்களாம். ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் காரைப் பற்றியது. பனி கரைந்ததும் கராஜைத் துப்புரவாக்கினேன். நோவாக் காருக்குப் பின்னால், பழைய குளிர்காலச் சக்கரங்களுக்குக் கீழே, அந்த மரப்பெட்டி இருந்தது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருடம் ஒன்டாரியோவில் யாரிடமோ வாங்கி வந்து இறக்கினீர்களே, எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் அந்த சூப்பர்சார்ஜர். எண்ணெய்த்தாள் சுற்றியபடி அப்படியே கிடக்கிறது.

அதைக் காரில் பூட்டப் போகிறேன். அஹுன்ட்சிக்கில் கராஜ் வைத்திருக்கும் றெக்ஸ் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு விஷயம் கேட்டார். நீங்கள் எஞ்சினைப் பிரித்துத் திருப்பிக் கட்டியபோது என்ன பிஸ்டன் போட்டீர்கள் என்பது ஒன்று. சிலிண்டர் ஏற்கெனவே காற்றை மிக இறுக்குகிறதென்றால் அதற்கு மேலும் ஊதிவிடக் கூடாதாம், எஞ்சின் உடைந்துவிடுமாம். மற்றது, பெட்டிக்குள் கிராங்க் புல்லி, எஞ்சின் தண்டில் பூட்டும் அந்தப் பெல்ட் சக்கரம், இல்லை. அது இல்லாமல் பெல்ட் போட முடியாது. இந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை என்பதால் வாங்கவும் முடியாதாம்.

நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்று கனமான ஒன்றைத் துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனதைக் கண்டேன். அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பிரியந்தி


பார்க் எக்ஸ்டென்ஷன்
19 ஏப்ரல் 2025

பிரியந்திக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முதல் வரியை இரண்டு தரம் வாசித்தேன். குடும்பம் நடத்திய காலம் முழுக்க நீர் என் பெயரைச் சொன்னதில்லை. 'இஞ்சருங்கோ' என்பதுதான் என் பெயர். சனிக்கிழமைகளில் மரக்கறிக் கடையில் நீர் 'இஞ்சருங்கோ' என்றால் நாலு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். யாருடைய இஞ்சருங்கோ என்று நாங்கள் எங்களுக்குள் தீர்த்துக்கொள்வோம். எனக்கு ஒரு பெயர் இருப்பதை உமக்கு அறிவிக்க கியூபெக் நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'கராஜும் அதனுள் இருப்பவையும்' உமக்கு என்று அந்த விவாகரத்துப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. பிரெஞ்சில் இருந்தது. நான் கையெழுத்து வைத்தேன். இது பற்றி உமது அண்ணன் அருமைராசா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததும் என் காதுக்கு வந்தது. பேராதனையில் எஞ்சினியரிங் படித்தவன், காரைக் கராஜில் விடுவார்கள் என்று தெரியாமல் கையெழுத்து வைத்தானாம். நல்ல பகிடி. அவர் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் யாருடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார் என்று ஒரு நாள் கேட்டுப் பாரும்.

நான் இப்போதும் அதே கம்பனியில்தான் இருக்கிறேன். விமானச் சக்கரங்களைத் தாங்கும் உருக்குத் தண்டுகளை அளந்து, சரி அல்லது பிழை என்று எழுதுகிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே இருக்கிறார்கள். இதையெல்லாம் நீர் கேட்கவில்லை. நீர் கேட்டது பிஸ்டனைப் பற்றி.

சூப்பர்சார்ஜர் என்பது கறிக்குத் தூள் கூட்டுவது போன்ற காரியம் அல்ல. அதைப் பூட்டினால் அது எஞ்சினுக்கு மேல் ஒரு சாண் நிமிர்ந்து நிற்கும். எஞ்சினை மூடும் பொனெற்றை வெட்டி ஓட்டை போட வேண்டும். அந்தப் பொனெற்றை ஒரு குளிர்காலம் முழுக்க நான் கையால் தேய்த்தேன். இயந்திரம் பாவிக்கவில்லை. அதன் நடுவில் ஒரு ஓட்டை போட உமக்கு உரிமை இருக்கிறது, பத்திரம் அப்படித்தான் சொல்கிறது. என்னிடம் யோசனை கேட்கும் உரிமை அந்தப் பத்திரத்தில் இல்லை.

துவாயில் சுற்றியது என் புத்தகங்களாகவும் இருக்கலாம்.

ஞானேந்திரன்


லவால்
4 மே 2025

ஞானேந்திரன்,

அந்தப் பத்திரத்தை இங்கிலிஷில் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று நான்தான் சொன்னேன். வக்கீலுக்கு முன்னால் 'எனக்கு விளங்கும்' என்றீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை.

ஏன் பூட்டுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போன கோடையில் இருந்து நான் அந்தக் காரை ஓட்டுகிறேன். நீங்கள் ஒரு நாளும் கார்த் திறப்பைத் தந்ததில்லை, ஆகவே கியர் மாற்ற றெக்ஸின் மனைவியிடம்தான் பழகினேன். கார் வடிவு. தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் பதினைந்தாம் ஒட்டோறூட்டில், அந்த வேகப் பாதையில், ஏறும்போது அது எழும்புவதில்லை. காலை முழுக்க அமத்தினாலும் பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். எட்டு சிலிண்டர் என்று பெயர். பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கும் வான்கள் கூட என்னை முந்துகின்றன. அந்தப் பிள்ளைகள் நான் வேலை செய்யும் கார்தேரியிக் காப்பகத்துப் பிள்ளைகள். கண்ணாடியால் கை காட்டுகிறார்கள்.

அந்தக் காரில் ஒருவரையாவது ஒரு தரம் முந்த வேண்டும். அவ்வளவுதான்.

என்ன பிஸ்டன்? புல்லி எங்கே?

பிரியந்தி


பார்க் எக்ஸ்டென்ஷன்
12 மே 2025

பிரியந்திக்கு,

கேட்கிறபடியால் எழுதுகிறேன். பத்தரைக்கு ஒன்று. அதாவது சிலிண்டருக்குள் வரும் காற்றை அந்தப் பிஸ்டன் பத்தரை மடங்கு இறுக்குகிறது. பம்பில் கிடைக்கும் பெற்றோலுக்கு அது ஏற்கெனவே மிஞ்சின அளவு. அதற்கு மேல் ஊதினால் பிளக் பொறி போடுமுன்னரே பெற்றோல் தானாகப் பற்றும். முதலில் தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைக் குலுக்கியது போல் சத்தம் கேட்கும். பிறகு பிஸ்டன் உடையும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் கேட்காது.

றெக்ஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வேறு ஆளைப் பாரும். வேறு ஆளும் இதையே சொல்வார்.

புல்லி என்னிடம் இருக்கிறது. மூன்றாம் மாடியில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வாசல் கதவு தானாக அடித்துச் சாத்துகிறது; கீழ் வீட்டுப் பஞ்சாபி மனிதர் முறைப்பாடு செய்தார். அது அடிபடாமல் நிற்க அந்தப் புல்லிதான் முட்டு. அதை எடுத்தால் எனக்கு ஒரு கல் தேட வேண்டும். இந்த ஊரில் ஏப்ரலில் இருந்து தெருவைக் கழுவுகிறார்கள், ஒரு கல்லும் கிடையாது.

காரை இருக்கிற மாதிரியே ஓட்டும். வலது பக்கப் பாதையில் போனால் ஒருவரும் ஹோர்ன் அடிக்க மாட்டார்கள்.

ஞானேந்திரன்


லவால்
1 ஜூன் 2025

ஞானேந்திரன்,

றெக்ஸுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். முழுக்க வாசித்துவிட்டு, இந்த எஞ்சின் தூக்கத்தில் நடக்கிற மாதிரி ஓடுகிறது, பத்தரை என்றால் இப்படி ஓடாது என்றார். பிளக் ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையால் ஒரு சின்னக் கமராவை உள்ளே விட்டார். படம் என் தொலைபேசியில் வந்தது. பிஸ்டனின் தலை கிண்ணம் போல் குழிந்திருந்தது. எட்டையும் பார்த்தோம். எட்டும் குழிதான்.

குழி என்றால் காற்றுக்கு இடம் கூட, இறுக்கம் குறைவு என்று விளங்கப்படுத்தினார். பிறகு சொன்னார்: "அக்கா, இது ஊதிறதுக்கெண்டே கட்டின எஞ்சின். இந்த மனுசன் எல்லாத்தையும் செய்துபோட்டு, கடைசிச் சாமானை மட்டும் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறார்."

எட்டுப் படத்தையும் நான் மறுபடி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

நாங்கள் அந்தக் காரில் எத்தனை தரம் ரொறொன்ரோ போயிருப்போம். ஒவ்வொரு கோடையும் அருமைராசா அண்ணை வாசலில் நின்று அதே பகிடியைச் சொல்வார்: "மச்சான், உன்ர காரில ஏறேக்க இளந்தாரி, இறங்கேக்க கிழவன்." நீங்கள் சிரிக்காமல், "உங்கட தங்கச்சி ஏத்திற சாமானுக்கு இது போறதே பெரிய விசயம்" என்பீர்கள். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் அதை நம்பினேன். அடுத்த முறை மாப்பெட்டியை விட்டேன். பிறகு ஊறுகாயை விட்டேன். ஒரு வருடம் தண்ணீர்ப் போத்தலைக்கூடக் குறைத்தேன். கார் அப்போதும் அதே மாதிரித்தான் போனது.

பாதி கட்டிய எஞ்சினில் என்னை ஏற்றிக்கொண்டு அவ்வளவு காலமும் ஓடியிருக்கிறீர்கள். மற்றப் பாதி பத்தடி தள்ளிப் பெட்டிக்குள் கிடந்தது. எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று நான் இனிக் கேட்கப் போவதில்லை. பொனெற்றில் ஓட்டை விழக்கூடாது என்பதற்காக எஞ்சின் உடையும் என்று பொய் எழுதினீர்களே, அது மட்டும் எனக்கு விளங்குகிறது.

புல்லியை அனுப்புங்கள். ஒரு கல்லை நான் அனுப்புகிறேன். எங்கள் பின்வளவில் நிறைய இருக்கிறது.

பிரியந்தி


பார்க் எக்ஸ்டென்ஷன்
15 ஜூன் 2025

பிரியந்திக்கு,

பார்சலில் புல்லி இருக்கிறது. கல் தேவையில்லை. கதவுக்கு அகராதியை வைத்திருக்கிறேன்.

பிஸ்டன் பற்றி எழுத ஒன்றும் இல்லை. றெக்ஸுக்குச் சொல்ல வேண்டியவை:

புல்லியின் பின்பக்கம் ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அதைக் கழற்றி எறிய வேண்டாம். அது இல்லாவிட்டால் இரண்டு புல்லியும் ஒரு கோட்டில் நிற்காது, பெல்ட் ஓரத்தைத் தின்னும். பிளக் பொறி போடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அவர் நினைப்பதை விட இன்னும் கொஞ்சம் தள்ளட்டும். பம்பில் இருக்கும் ஆகக் கூடிய ரகப் பெற்றோலைத்தான் அடிக்க வேண்டும். தெப்பனர் கடையில் பால் வாங்கும் போது ஞாபகம் வந்து மலிவான பம்பில் நிறுத்துவது உமது பழக்கம். அதை விட்டுவிடும்.

பொனெற்றை வெட்டுமுன் பூச்சு உதிராமல் மேற்பக்கம் நாடா ஒட்ட வேண்டும். பொனெற்றைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் உட்பக்கம் பென்சிலால் கீறிய ஒரு கோடு தெரியும். அழிந்திருந்தால் வெளிச்சத்தைச் சரித்துப் பிடிக்கவும். அந்தக் கோட்டில் வெட்டட்டும். அளவு சரி.

ஞானேந்திரன்


லவால்
13 ஜூலை 2025

இஞ்சருங்கோ,

ஒரு பிழை நடந்துவிட்டது.

வெட்டியது உங்கள் கோட்டில்தான். கோடு இருந்தது. சூப்பர்சார்ஜர் பொனெற்றுக்கு வெளியே நிமிர்ந்து நின்றது. றெக்ஸ் கராஜிலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார், நன்றாக ஓடியது. முதல் ஓட்டத்துக்கு முன் கோயிலில் ஒரு பூசை வைப்போம் என்று நான்தான் சொன்னேன். காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போய் கோயில் வளவில் இறக்கினோம். படம் எடுக்க வடிவாக இருக்கட்டும் என்று றெக்ஸ் மேலே காற்று போகும் வாயை மூடியிருந்த வடிகட்டியைக் கழற்றி வைத்திருந்தார்.

ஐயர் நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தார். சந்தனம் வைத்தார். சாமிக்குச் சாத்தின மாலையைக் கொண்டு வந்து, எங்கே போடுவது என்று பார்த்து, காரில் ஆக உயரமான இடம் அதுதானே, அந்த வாயிலேயே போட்டார். "ராகுகாலம் வரப்போகுது, ஸ்ராட் பண்ணுங்கோ" என்றார். நான் திறப்பைத் திருப்பி, எல்லாரும் நிற்கிறார்கள் என்று காலையும் கொஞ்சம் அமத்தினேன்.

மாலை உள்ளே போய்விட்டது. முழு மாலையும் இல்லை, பாதிக்கு மேல். பெல்ட் கீச்சிட்டது, எஞ்சின் நின்றுவிட்டது. வாயில் செவ்வந்திப்பூ நிறைந்திருந்தது. யாரோ சிரித்தார்கள். அருமைராசா அண்ணையும் வந்திருந்தார், அவர் சிரிக்கவில்லை. "கொத்தானைக் கேள்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். இன்னும் உங்களை என் அத்தான் என்றுதான் சொல்கிறார்.

கார் இப்போது வீட்டுக் கராஜில் நிற்கிறது. எஞ்சினை இறக்கி முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று றெக்ஸ் சொல்கிறார். நீங்கள் எழுதும்வரை தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் உட்புறத்தைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்த முறை எழுதும் போது உண்மையை எழுதுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிரியந்தி


பார்க் எக்ஸ்டென்ஷன்
17 ஜூலை 2025

பிரியந்திக்கு,

காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஐயருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. றெக்ஸுக்குத் தெரிய வேண்டும்.

எஞ்சினை இறக்க வேண்டாம். திறப்பைத் தொட வேண்டாம். ஒரு தரம் கூட, பார்ப்பதற்குக் கூட.

பூவிதழைப் பற்றிக் கவலை இல்லை. உள்ளே போனவை எரிந்துவிடும். நூல்தான் விஷயம். சூப்பர்சார்ஜருக்குள் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுழல்கின்றன. இடையில் ஒரு மயிரிழைதான் இடைவெளி. கோயில் மாலைகளை இங்கே நைலோன் நூலில் கட்டுகிறார்கள். அது அந்த உருளைகளில் சுற்றியிருக்கும். பெல்ட் வழுக்கியது நல்லது. வழுக்கியிருக்காவிட்டால் உருளை உடைந்திருக்கும்.

முதலில் பெல்ட்டைக் கழற்றவும். பிறகு மேலே இருக்கும், காற்றில் பெற்றோல் கலக்கும் கார்புறேற்றரைக் கழற்றினால் உருளைகள் தெரியும். மேல் புல்லியைக் கையால், வழமைக்கு எதிர்ப்பக்கமாக, மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒருவர் திருப்ப, மற்றவர் நூலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இழுக்கக் கூடாது. அது தானாக வரும். இறுகினால் நிறுத்தி, முன்னுக்குத் திருப்பி, மறுபடி பின்னுக்கு. வெட்டக் கூடாது. வெட்டினால் எது உள்ளே மிச்சம் என்று தெரியாது.

மாலையின் இரண்டு முனையிலும் முடிச்சு இருக்கும். வெளியே வந்த நூலை ஒரு துணியில் நீட்டி வையும். இரண்டு முடிச்சும் இருந்து, நடுவில் அறுபடாமல் இருந்தால், எல்லாம் வந்துவிட்டது. இல்லாவிட்டால் றெக்ஸ் சொன்னது சரி, பிரிக்கத்தான் வேண்டும். இது உண்மை.

நூலைப் பிடிப்பது நீராக இருக்கட்டும். தையல் நூல் சிக்கினால் நீர் அவசரப்படுவதில்லை. றெக்ஸ் அவசரப்படுவார்.

ஞானேந்திரன்


லவால்
27 ஜூலை 2025

ஞானேந்திரன்,

கடிதம் கிடைத்தது. உறையில் முத்திரை இல்லை.

பக்கத்து வீட்டு மாக்கிரட் சொன்னா, நான் வேலைக்குப் போயிருந்த நேரம் ஒரு மனிதர் வந்து கடிதப் பெட்டிக்குள் எதையோ போட்டுவிட்டு, மூடின கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கார் வாங்க வந்த ஆளோ என்று கேட்டா. ஓம் என்று சொன்னேன்.

றெக்ஸ் திருப்பினார், நான் நூலைப் பிடித்தேன். பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. ஓரிடத்தில் இறுகியது, நீங்கள் எழுதியபடி முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தோம். இரண்டு முடிச்சும் வந்தன. அறுபடவில்லை. உருளையில் ஒரு கீறல் தெரிகிறது. அது பரவாயில்லை என்கிறார் றெக்ஸ்.

நேற்று பதினைந்தாம் ஒட்டோறூட்டில் ஏறினேன். தனியாகத்தான். காலை அமத்தினதும் முன்னால் ஒரு ஊளை எழும்பியது, பிறகு கார் என்னை இருக்கையோடு சேர்த்துத் தள்ளியது. ஒரு லொறியை முந்தினேன். பிறகு இன்னொன்றை. அடுத்த வெளிவழியில் இறங்கி ஓரமாக நிறுத்தினேன். இவ்வளவும் அதற்குள் இருந்திருக்கிறது.

பிரியந்தி


பார்க் எக்ஸ்டென்ஷன்
10 ஆகஸ்ட் 2025

பிரியந்திக்கு,

நேற்றுப் பின்னேரம் எங்கள் தெருவால் ஒரு கார் போனது. நான் சமையலறையில் இருந்தேன். பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாத சத்தம் அது. இந்த ஊரில் வேறு ஒன்றுக்கும் அந்தச் சத்தம் இல்லை.

ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும் போதும் ஒரு சின்னக் கீச்சு கேட்டது. பெல்ட் தளர்ந்திருக்கிறது. புது பெல்ட் இழுபடும். இரண்டு புல்லிக்கும் நடுவில் விரலால் அமத்தினால் அரை அங்குலம் அசையலாம், அதற்கு மேல் அசையக் கூடாது. இறுக்கச் சொல்லும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் உமக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. மரக்கறி இங்கே மலிவு.

ஞானேந்திரன்


லவால்
17 ஆகஸ்ட் 2025

ஞானேந்திரன்,

பெல்ட்டைப் பார்த்தோம். அரை அங்குலம்தான். அது நான் இரண்டாம் கியர் போடும் சத்தம். இன்னும் சரியாக வரவில்லை.

மூன்று தரம் சுற்றினேன். நீங்கள் ஜன்னலுக்கு வருவீர்கள் என்பதற்காக இல்லை. நிறுத்த இடம் கிடைக்கவில்லை. உங்கள் தெருவில் மனிதர் நிறுத்துகிறார்களா, இல்லை எல்லாரும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்களா?

பிரியந்தி


பார்க் எக்ஸ்டென்ஷன்
22 ஆகஸ்ட் 2025

பிரியந்திக்கு,

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பக்கம் தெருக் கழுவும் வண்டி வரும். தண்டத்துக்குப் பயந்து எல்லாரும் காரை எடுத்துவிடுவார்கள். வண்டி போய், பலகையில் எழுதிய நேரம் முடிந்து, ஆட்கள் திரும்பி வருமுன் கொஞ்ச நேரம் என் வாசலில் இருந்து முனை வரைக்கும் தெரு வெறுமையாகக் கிடக்கும். நீட்டுக் கார் கூட ஒரே திருப்பில் நிற்கும்.

செப்டம்பர் முதல் கிழமை முழுக்க எனக்குப் பின்னேர வேலை. காலையில் வீட்டில்தான் இருப்பேன்.

காரில் ஏறுவேன் என்று எழுதவில்லை. இடம் இருக்கும் என்றுதான் எழுதுகிறேன். இரண்டாம் கியரை மேலிருந்து தள்ளக் கூடாது, அது தானாக விழ வேண்டும். அதைக் கடிதத்தில் விளங்கப்படுத்த முடியாது.

ஞானேந்திரன்